வளர்மதி வாங்கி வந்த ரேம்

அத்தியாயம் 3

பூவராகவனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். அந்த விரல் மேலும் நம்பிக்கை இல்லாமல் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டி, போட்டிருக்கிற ஊர் சரிதானா என்று கேட்டுக்கொள்வார். பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது இன்று வரை தீராத வழக்கு. இப்படி ஒரு ஆள் வேலையிலிருந்து நின்றதும் துப்பறியக் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. ஊரில் அவரைக் கூப்பிடுகிறவர்களும் இருந்தார்களே, அதுதான் ஆச்சரியம்.

அதுவும் இதற்கு முன்னால் இரண்டே தடவை. முதல் தடவை காணாமல் போன சைக்கிளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது வேறு ஒருவருடைய சைக்கிளாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை காணாமல் போன ஆட்டைத் தேடி பெண்ணாடம் வரைக்கும் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ஆடு திரும்பி வந்திருந்தது. இரண்டையும் வெற்றிக் கணக்கில்தான் அவர் வைத்திருந்தார். சைக்கிள் கிடைத்ததா, கிடைத்தது. ஆடு வந்ததா, வந்தது.

மூன்றாவதாக வந்தது கம்ப்யூட்டர்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ராஜவேலுக்கு ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று உண்டு. பூவராகவன் தலை நரைக்கும் வரை அங்கேதான் கிளேஸ் பிரிவில் இருந்தார். கிளேஸ் என்றால் பீங்கானுக்குப் பளபளப்பு கொடுக்கிற, பால் மாதிரி இருக்கிற கரைசல். சாமானை அதில் முக்கி எடுத்துத்தான் சூளைக்கு அனுப்புவார்கள். கம்பெனி ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வளர்மதி என்கிற பெண் அதில் பில் போடுவாள், வெளியூர் ஆர்டர்களைப் பார்ப்பாள். இரண்டு வேலையை ஒன்றாகக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அப்படியே சமைந்து நின்றுவிடும். புதுசு வாங்க வேண்டாம், இதில் நாலு ஜிபி மெமரி இருக்கிறது, இன்னொரு நாலு சேர்த்தால் குதிரை மாதிரி ஓடும் என்று மெக்கானிக் அன்பரசன் யோசனை சொன்னான். ராஜவேலும் சரி என்றார்.

நேற்று சாயங்காலம் வளர்மதி ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற அன்பரசன் கடைக்குப் போய் ரேம் வாங்கி வந்தாள். சீப்பு நீளத்துக்குப் பச்சையாக ஒரு அட்டை. மேலே கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், அடியில் தங்க நிறத்தில் பல்வரிசை. அவ்வளவுதான் ரேம். இன்று காலை அன்பரசன் வந்து அதை மாட்டினான். கம்ப்யூட்டர் புது ஆளைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய நாலைத்தான் காட்டியது. இடம் மாற்றி மாட்டிப் பார்த்தான். அப்போதும் அதே கதை.

நான் கொடுத்தது நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டு அன்பரசன் கடைக்குப் போய்விட்டான். நல்ல சரக்கு என்றால் வழியில் யாரோ கெட்டதை வைத்து மாற்றியிருக்க வேண்டும் என்று ராஜவேல் கணக்குப் போட்டார். அது வழியில் வந்தது வளர்மதியின் கைப்பையில்.

இந்த நேரத்தில் பூவராகவன் சும்மா இருந்திருக்கலாம். பழைய ஆட்களைப் பார்த்துப் பேச வந்தவர், கிளேஸ் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, அத்தனை பேரும் கேட்கும்படி தன் முதல் தீர்ப்பைச் சொன்னார்.

"கடைசியா எந்தக் கை பட்டுதோ, அந்தக் கைதான் திருட்டுக் கை."

அத்தனை தலையும் ஆபீஸ் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வளர்மதி எழுந்து வெளியே வந்தாள். அவள் அழவில்லை. நேராக இவரிடம் வந்தாள்.

"பெரியப்பா, டீக்கடையில உங்ககிட்ட குடுத்துட்டுத்தான நான் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். நீங்களே பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துது. அப்பறம் என்னா ஆச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மைதான். நேற்று இவர் பேட்டை முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். என்ன பொட்டலம், எவ்வளவு ஏமாற்றினான் என்று இவர்தான் கேட்டார். பெட்டிக்குள்ளே சொருகுகிற சாமான், உள்ளே ஒரே சூடாக இருக்கும் என்று அவள் விளக்கம் சொல்லிவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு எதிரே மருந்துக் கடைக்குப் போனாள். இவர் உறையிலிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். செய்ய வேண்டியதைச் செய்தார். பத்திரமாக உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆக, இந்த வழக்கில் துப்பறிவாளரே கண்ணால் பார்த்த சாட்சி. இப்படி ஒரு வசதி எந்தத் துப்பறிவாளருக்கு வாய்க்கும்?

சாயங்காலத்துக்குள் உண்மை தெரிய வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ராஜவேல் சொல்லிவிட்டார். வளர்மதியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பும் எரிகிறது, அம்மாவின் மாத்திரையும் வருகிறது. அது பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். பூவராகவன் உறையோடு ரேமை வாங்கிக்கொண்டு தன் உதவியாளரை வரச் சொன்னார்.

உதவியாளர் என்றால் மருமகள் சிந்தாமணி. இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, செல்போனை நம்பமாட்டார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆளாக அவள் இருந்தாள். ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று கேட்டாள். அன்பரசனை என்றார் இவர். மாற்றி வைக்க ஒரு செத்த ரேம் வேண்டும். இந்த ஊரில் செத்த ரேம் டப்பா டப்பாவாக இருக்கிற இடம் மெக்கானிக் கடை. திருடன் வீட்டுக்குத்தானே முதலில் போக வேண்டும்.

"அப்ப காலைல வளர்மதியத்தான திருடின்னீங்க?"

"ரெண்டு பேரும் கூட்டா இருக்கலாம்."

"நானும் கூட்டுல இருக்கனா மாமா, இல்ல வண்டிய எடுக்கலாமா?"

ரேமை சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று பார்த்தால் சீட்டுப் பூட்டு நிற்கவில்லை. அமுக்கினால் வழுக்கிக்கொண்டு திறந்தது.

"நீங்க மெழுவு தடவுன நாள்லேருந்து இது பூட்டவே மாட்டேங்குது. வூட்டுத் தாப்பாளும் அப்படித்தான், காத்தடிச்சா தானா தொறந்துக்குது. திருட வர்றவனுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு பாக்குறீங்களா?"

நன்றாகத் திறந்து மூடட்டும் என்று செய்தது என்றார் பூவராகவன். கிளேஸ் பிரிவை விட்டு வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு மெழுகுக் கட்டி. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். குடைக் கம்பி, கண்ணாடிக் காது, பை ஜிப்பு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு இழுப்பு இழுப்பார். மூக்குப்பொடி போடுகிறவனுக்குக் கை தானாகப் போகிற மாதிரி அது தானாக நடக்கும்.

ரேமை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அன்பரசன் இவரைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மரியாதை அதிகமாக இருந்தது. மரியாதை அதிகமாக இருந்தால் பூவராகவனுக்குச் சந்தேகமும் அதிகமாகும். உட்காராமல் நின்றுகொண்டே, இது நீ கொடுத்த ரேம்தானா, இல்லை மாற்றியதா, பார்த்துச் சொல் என்று உறையை நீட்டினார். அன்பரசன் வெளியே எடுத்து விளக்கில் காட்டினான். மேலே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் பச்சை மையில் ஒரு கிறுக்கல் இருந்தது. தன் கையெழுத்துதான், தேதியும் நேற்றைய தேதிதான் என்றான்.

ஆக, யாரும் எதையும் மாற்றவில்லை. முதல் தீர்ப்பு அங்கேயே படுத்துவிட்டது.

பூவராகவன் அசரவில்லை. மாற்றவில்லை என்றால் கொடுத்ததே செத்த சரக்கு, இவன்தான் குற்றவாளி என்று அடுத்த தீர்ப்பை எடுத்தார். அன்பரசன் பொறுமையாகத் தலையை ஆட்டினான். வளர்மதி எதிரிலேயே கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினேன், ஸ்க்ரீனை அந்தப் பெண் போட்டோகூட எடுத்துக்கொண்டது என்றான். சிந்தாமணி அப்போதே வளர்மதிக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்து விழுந்தது. ஸ்க்ரீனில் ரேமின் கணக்கு, ஓரத்தில் அன்பரசனின் கட்டைவிரல்.

"ரெண்டாவது ஆளும் விடுதலை. அடுத்து யாரு மாமா, மருந்துக் கடைக்காரரா?"

"வாய மூடும்மா, யோசிக்கிறேன்."

யோசித்தார். கடையில் உயிரோடு இருந்தது, கம்பெனியில் செத்திருந்தது. அப்படியானால் வழியில்தான் செத்திருக்கிறது. கை தவறிக் கீழே விழுந்திருந்தால் விரிசல் இருக்க வேண்டும். இல்லை. நனைந்திருந்தால் கறை இருக்க வேண்டும். அதுவும் இல்லை. காலையில் மாட்டியபோது வேறு ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று அன்பரசனைக் கேட்டார். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"ஒண்ணு இருந்துச்சிங்கய்யா. புது ரேமுன்னா ரெண்டு கட்டை விரலயும் வச்சி அழுத்தணும், டக்குனு சத்தம் வந்துதான் உக்காரும். இது நான் அழுத்தறதுக்கு முன்னாடியே வழுக்கிக்கினு உள்ள போயிட்டுது."

பூவராகவன் ரேமைக் கையில் வாங்கினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பேட்டையில் எந்தச் சாமானானாலும் அரை நாளில் வெள்ளை மாவு படிந்துவிடும். களிமண் தூள் காற்றிலேயே இருக்கிறது. ஆனால் இதில் மாவு எல்லா இடத்திலும் இல்லை. அடியில் இருந்த தங்கப் பல்வரிசை மேல் மட்டும், கோடு போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. ஊதினார். போகவில்லை. விரலை நாக்கில் தொட்டு, பல்வரிசை மேல் ஒரு சொட்டு வைத்தார். ஐயா, எச்சில் படக் கூடாது என்று அன்பரசன் கையை நீட்டுவதற்குள் அது நடந்துவிட்டது.

சொட்டு நிற்கவில்லை. முத்து மாதிரி உருண்டு ஓரத்தில் வழிந்தது.

பூவராகவனின் முகத்தில் இந்த வழக்கில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"அன்பரசா, இது சாவல. இதுக்கு அடியில எவனோ மெழுவு பூசியிருக்கான்."

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார வேண்டிய கட்டம் அது. விளக்கமாகச் சொன்னார். சூளைக்குள்ளே சாமான் கல் தட்டின் மேல் நிற்கும். அடியில் கிளேஸ் இருந்தால் சூட்டில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பெயர்த்தால் சாமானும் போகும் தட்டும் போகும். அதனால் கிளேஸில் முக்குவதற்கு முன்பே அடியில் மெழுகு தேய்ப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் கரைசல் நிற்காது, இப்படித்தான் உருண்டு ஓடும். இது தெருவில் போகிறவன் செய்கிற வேலை இல்லை. கிளேஸ் பிரிவில் பழகிய கை. அதிலும் சாதாரணக் கை இல்லை, கோடு தாண்டாமல் ஒரே சீராக இழுத்திருக்கிறான், பார்.

அன்பரசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெழுகு நடுவில் இருந்தால் பல்லுக்கும் பெட்டிக்கும் தொடர்பு எப்படி வரும், அதனால்தான் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றான். பூவராகவனுக்கு உற்சாகம் ஏறியது.

"வெறும் கட்டியத் தேய்ச்சா இவ்ளோ தடிமனா ஒட்டாது. கெட்டிக்காரன். மொதல்ல மெழுவ டீ கிளாசு மேல வச்சி நல்லா எளக்கிக்கினு..."

நிறுத்தினார்.

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஸ்ரீமுஷ்ணம் ஸ்ரீமுஷ்ணம் என்று கூவிக்கொண்டு போனது.

"சொல்லுங்க மாமா," என்றாள் சிந்தாமணி. "டீ கிளாசு மேல வச்சி?"

அவள் கையை நீட்டி அவருடைய சட்டைப் பையிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்தாள். ஒரு பக்கம் டீ கிளாஸின் வளைவுக்கு உருகிக் குழிந்திருந்தது. இன்னொரு பக்கம் நேராக, மெல்லியதாக ஒரு பள்ளம். ரேமை வாங்கி அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கட்டியை அவர் பையிலேயே திரும்பப் போட்டாள்.

கை செய்ததை மனசு இப்போதுதான் பார்த்தது. சூடான பெட்டிக்குள்ளே நிற்கப் போகிற சாமான் என்று அந்தப் பெண் சொன்னாள். அடியைப் பார்த்தார், மொட்டையாக இருந்தது. பாவம், விவரம் தெரியாமல் அடிக்கு ஒன்றும் தேய்க்காமல் விற்றிருக்கிறான் என்று மெக்கானிக் மேல் ஒரு எரிச்சல்கூட வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு உதவி செய்தார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு மீதி டீயைக் குடித்தார்.

உலகத்தில் பால்காரர் வரைக்கும் சந்தேகப்பட்ட மனுஷன், ஒரே ஒரு ஆளை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டிருந்தார்.

அன்பரசன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டாவது மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அவன் பாட்டுக்கு ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுப் பல்வரிசையைத் துடைத்தான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து, தங்க நிறம் மின்னுகிற வரை தேய்த்தான். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோது ரேம் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. கம்பெனியில் மாட்டிக் கொடுக்கத் தானும் வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தான்.

திரும்பும் வழியில் பாலக்கரை தாண்டியதும் பூவராகவன் மெதுவாக ஆரம்பித்தார். தூசி அடைத்திருந்தது, துடைத்தோம், சரியாகிவிட்டது என்று ராஜவேலிடம் சொல்லிவிடலாம், அதில் பொய் அதிகம் இல்லை என்றார்.

சிந்தாமணி வண்டியை ஓரம் கட்டினாள்.

"ஆபீசுல தூசி தொடைக்கிறது யாரு வேல மாமா?"

வளர்மதியின் வேலை. அது அவருக்கும் தெரியும். சிந்தாமணி வண்டியை மறுபடி எடுத்தாள்.

கம்பெனியில் அன்பரசன் மூடியைக் கழற்றி ரேமை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். டக் என்று சத்தம் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து எட்டு என்று காட்டியது. ராஜவேல் இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகத் திறந்து பார்த்தார். நிற்காமல் ஓடியது. முகம் மலர்ந்து, என்னதான் கோளாறு என்று கேட்டார். அன்பரசன் பூவராகவனைப் பார்த்தான். பூவராகவன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பல்லுல கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"தூசியா?" என்று கேட்ட ராஜவேல், பதிலுக்குக் காத்திருக்காமல் வளர்மதி பக்கம் திரும்பினார். திருடவில்லை, சரி, ஆனால் மேசையை ஒழுங்காகத் துடைக்கிற அக்கறைகூட இல்லையா என்று ஆரம்பித்துவிட்டார். வளர்மதி தலையைக் குனியவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூசி இல்ல மொதலாளி. மெழுவு. நான்தான் தேய்ச்சேன்."

ராஜவேலுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு சிரிப்பா கோபமா என்று முடிவு செய்ய அதைவிட நேரம் பிடித்தது. கடைசியில், பெரியவரே, இனிமேல் எங்கள் கம்பெனியில் ஏதாவது காணாமல் போனால் போகட்டும், நீங்கள் வர வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். வளர்மதியிடம், நடந்ததை மறந்துவிட்டு நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா என்றார்.

அவள் கிளேஸ் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"வரேங்க. ஆனா பெரியப்பா காலைல எந்த எடத்துல நின்னு சொன்னாரோ, அதே எடத்துல நின்னு இதயும் சொல்லணும். அங்க இருக்குறவங்க மூஞ்சிலதான் நான் தெனம் முழிக்கணும்."

பூவராகவன் மாமனார் என்கிற முறையில் மருமகளைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழி இல்லை. நடந்து போய்க் கிளேஸ் தொட்டிப் பக்கத்தில் நின்றார். அத்தனை கையும் வேலையை நிறுத்தியது. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, கெடுத்தது நான், கம்ப்யூட்டர் சாமானுக்கு அடி மெழுகு போட்டுவிட்டேன் என்று சொல்லி முடித்தார்.

ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு தொட்டியைச் சுற்றி வந்தது. ஒருத்தி உட்கார்ந்தே விட்டாள். ராஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பூவராகவன் விட்டுப் போன இடத்தில் இப்போது மெழுகு தேய்ப்பவள் அவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முக்கியமான சந்தேகம் ஒன்றைக் கேட்டாள்.

"மெழுவ எளக்கித் தேய்ச்சீங்களாண்ணே, அப்படியே தேய்ச்சீங்களா?"

"எளக்கித்தான்."

"ஓரம் தாண்டலயே?"

"தாண்டல."

"அப்ப வேல சரியாத்தாண்ணே பண்ணியிருக்கீங்க," என்றாள் ராஜம்மாள். அன்று முழுக்க அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு அது ஒன்றுதான்.

அதைக் கேட்டு அவர் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் வளர்மதி எதிரில் வந்து கையை நீட்டினாள். என்ன என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலை மடக்கிக்கொண்டு ஆபீஸ் பக்கம் திரும்பினாள்.

"இரு வளர்மதி," என்றாள் பின்னால் நின்ற சிந்தாமணி. "மாமா, வேட்டி மடிப்புல இருக்கற இன்னொண்ணயும் குடுத்துருங்க."

பூவராகவன் மருமகளை ஒரு முறை முறைத்தார். பிறகு வேட்டி மடிப்பை அவிழ்த்தார்.